நுங்கம்பாக்கத்தில் ஸ்டெஃபானி திரும்பி வந்த வாரம்

2022 சென்னை ஓபன் மகளிர் டென்னிஸ் என்று பேச்செடுத்தால் எல்லோர் வாயிலும் வருவது லிண்டா ஃப்ருவிர்தோவாவின் பெயர். 17 வயதுச் செக் நாட்டுப் பெண். இறுதிப் போட்டியில் முதல் செட்டை இழந்து, மூன்றாவது செட்டிலும் பின்தங்கி, அங்கிருந்து எழுந்து போலந்தின் மக்டா லினெட்டை வென்று தன் முதல் டபிள்யூ.டி.ஏ. (மகளிர் டென்னிஸ் சங்கம்) பட்டத்தை வாங்கிக்கொண்டு போனார். கொண்டாட வேண்டிய வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாரம் நான் நுங்கம்பாக்கம் மைதானத்துக்குப் போனது ஒற்றையர் ஆட்டத்துக்காக அல்ல. மகளிர் இரட்டையர் அட்டவணையில் லூயிசா ஸ்டெஃபானி என்ற பெயரைப் பார்த்ததும் போயே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. மாலை நேரங்களில் சிறுமிகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுக்கிறேன். கல்லூரிக் காலத்தில் இரட்டையர் ஆடியவள். இன்றைக்கும் யாராவது ஒற்றையர், இரட்டையர் இரண்டு ஆட்டங்களுக்கும் டிக்கெட் நீட்டினால் கை இரட்டையர் பக்கம்தான் போகும்.

டபிள்யூ.டி.ஏ. 250 என்பது மகளிர் டென்னிஸின் முதன்மைச் சுற்றில் கடைசிப் படி. சென்னையில் அந்த ஆண்டு மொத்தப் பரிசுத் தொகை 251,750 டாலர். கேட்பதற்குப் பெரிய தொகை. கிராண்ட்ஸ்லாம் எனும் நான்கு பெரிய போட்டிகளின் பக்கத்தில் வைத்தால் ஒன்றுமே இல்லை. அதிலும் இரட்டையர் பங்கு சிறியது. அந்தச் சிறிய பங்கையும் இரண்டு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். விமான டிக்கெட், பயிற்சியாளர், பிசியோ செலவு என்று கணக்குப் போட்டால், முதல் சுற்றில் தோற்றவருக்குக் கையில் மிஞ்சுவது குறைவு. ஆனால் தரவரிசைப் புள்ளி மட்டும் சமம்: அந்த ஆண்டு ஒற்றையர் சாம்பியனுக்கு 280, இரட்டையர் சாம்பியன்கள் ஒவ்வொருவருக்கும் 280. அந்தப் புள்ளிக்காகத்தான் 16 ஜோடிகள் வருகின்றன.

ஜோடி சேர்வதும் ஒரு தனிப் பாடு. இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டுவார்கள்; கூட்டுத்தொகை எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு நுழைவு எளிது. அதனால் வாரந்தோறும் பேச்சுவார்த்தை. யார் எந்த ஊருக்கு வருகிறார்கள், யாருக்குத் தோள் வலி, யார் ஒற்றையர் ஆட்டத்தில் முன்னேறினால் இரட்டையரைப் பாதியில் விட்டுவிடுவார் என்றெல்லாம் விசாரித்துத்தான் சேர்கிறார்கள். சிறிய போட்டிகளில் பெரும்பாலான ஜோடிகள் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் சேர்ந்தவை. முதல் சுற்றில் அவர்கள் இன்னும் ஒருவரையொருவர் படித்துக்கொண்டிருப்பது கேலரியிலிருந்தே தெரியும். இரண்டு பேருமே நடுப்பந்துக்கு ஓடுவார்கள், அல்லது இரண்டு பேருமே விட்டுவிடுவார்கள்.

இப்போது ஸ்டெஃபானி கதைக்கு வருகிறேன். சாவ் பாலோவில் பிறந்த பிரேசில் பெண். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் லாரா பிகோஸியுடன் ஆடினார். போட்டி தொடங்கக் கொஞ்ச நாள் இருக்கும்போதுதான் இடமே கிடைத்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ரஷ்யாவின் குடெர்மெட்டோவா, வெஸ்னினா ஜோடியிடம் கடைசி டைபிரேக்கரில் (மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி வரை ஆடுவது) 5-9 என்று பின்தங்கியிருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு புள்ளி போனால் தோல்வி. நான்கு மேட்ச் பாயிண்ட்களையும் காப்பாற்றி 11-9 என்று முடித்தார்கள். டென்னிஸில் பிரேசிலுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

அதே ஆகஸ்ட் மாதம் கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியுடன் சேர்ந்து மாண்ட்ரியலில், கிராண்ட்ஸ்லாமுக்கு அடுத்த படியான 1000 தரநிலைப் பட்டம். அடுத்து யு.எஸ். ஓபன் அரையிறுதி, எதிரே கோகோ காஃப், கேட்டி மெக்நாலி. முதல் செட் டைபிரேக்கர். ஸ்டெஃபானி பந்துக்கு நகர்ந்த ஒரு நொடியில் முழங்கால் போய்விட்டது. சக்கர நாற்காலியில் வைத்து வெளியே கொண்டுபோனார்கள். முழங்காலின் முன் தசைநார் கிழிந்திருந்தது. ஆட்டக்காரர்களை இதைவிட அதிகமாக அச்சுறுத்தும் காயம் குறைவு. அந்த ஆண்டு நவம்பரில் வெளியான தரவரிசையில் அவர் ஒன்பதாம் இடத்தில் இருந்தார். ஒன்பதாம் இடம் கையில், ஆட முடியாத கால்.

தரவரிசை 52 வாரக் கணக்கு. ஓர் ஆண்டு வீட்டில் இருந்தால் சேர்த்து வைத்த புள்ளிகள் எல்லாம் உதிர்ந்துவிடும். டப்ரோவ்ஸ்கியால் காத்திருக்க முடியாது, காத்திருக்கச் சொல்லவும் யாருக்கும் உரிமை இல்லை. அவர் மெக்சிகோவின் ஜியுலியானா ஓல்மோஸுடன் சேர்ந்தார், 2022 மே மாதம் மாட்ரிட்டில் பட்டமும் வென்றார். நல்ல ஜோடி, ஆண்டு இறுதிப் போட்டி வரைக்கும் போன ஜோடி. அப்படி இருக்கையில், செப்டம்பரில், நியூயார்க்கில் யு.எஸ். ஓபன் பரபரப்பு அடங்கியதும், ஸ்டெஃபானி முதன்முதலாக மறுபடியும் கோர்ட்டில் இறங்கிய வாரத்தில் அவர் பக்கத்தில் நின்றது டப்ரோவ்ஸ்கி. இடம் சென்னை. இதைப் படித்ததும் எனக்கு வேறு எதுவும் முக்கியமாகப் படவில்லை.

ஏன் இது இவ்வளவு பெரிய விஷயம் என்பது இரட்டையர் ஆடியவர்களுக்குச் சட்டென்று புரியும். கல்லூரியில் எனக்கு ஜோடியாக ஆடியவர் என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பல்கலைக்கழகப் போட்டி ஒன்றில் அவருக்கு முழங்கால் திரும்பிவிட்டது. நல்ல மருத்துவரைப் பிடிப்பதற்குள்ளேயே போதும் போதும் என்றாகிவிட்டது. மாதக்கணக்கில் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி வந்தபோது சர்வீஸ், வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது) எல்லாம் பழையபடியே இருந்தன. ஒன்றே ஒன்று போயிருந்தது. நெட் அருகே நின்றுகொண்டு, எதிரி அடிக்கும் பந்தை நடுவில் பாய்ந்து மறிக்க வேண்டிய கணத்தில் அவர் கை போகும், கால் போகாது. நான் கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனிலிருந்து, "விடுங்கள் அக்கா, நான் எடுக்கிறேன்" என்று கத்துவேன். ஒருநாள் ஆட்டம் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "நீ கத்தும்போதெல்லாம் எனக்கு முழங்கால் ஞாபகம் வந்துவிடுகிறது. நான் போவேன் என்று நினைத்துக்கொண்டே ஆடு. போகாவிட்டால் ஒரு பாயிண்ட், அவ்வளவுதானே?" அதற்குப் பிறகு நான் நடுப்பந்தை அவருக்கென்று விட்டுவிட்டு என் பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். சில பாயிண்ட்கள் போயின. அப்புறம் அவர் கால் நகர ஆரம்பித்தது.

ஆகவே நுங்கம்பாக்கத்தில் நான் கவனிக்க விரும்பியது ஒன்றே ஒன்றைத்தான். நடுப்பந்து வரும்போது டப்ரோவ்ஸ்கி அதை மூட ஓடி வருகிறாரா, ஸ்டெஃபானியிடம் விடுகிறாரா?

கோர்ட்டின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒற்றையருக்கு 27 அடி அகலம், இரட்டையருக்கு 36 அடி. ஆளுக்கு 18 அடி என்றால் ஒற்றையரைவிடச் சுலபமாகத் தெரியும். தொல்லை நடுவில் இருக்கிறது. நெட் ஓரக் கம்பங்களில் மூன்றரை அடி உயரம், நடுவில் மூன்றடி. தாழ்வான இடத்தின் மேல் அடிப்பது பாதுகாப்பு, அதனால் பந்து நடுவுக்கே வந்துகொண்டிருக்கும். அந்த நடு இருவருக்கும் சொந்தம். எந்தக் கோடும் போட்டுப் பிரிக்கவில்லை. அங்கே யார் போவது என்பதை அரை நொடியில் தீர்மானிக்க வேண்டும், வாயைத் திறக்க நேரம் இருக்காது. ஜோடி என்பது உண்மையில் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

என்னோடு வந்த மாணவிக்கு 14 வயது. அவளிடம் பந்தைப் பார்க்காதே என்று சொல்லியிருந்தேன். சர்வீஸ் போடுபவரின் ஜோடி நெட்டில் நிற்பார் அல்லவா, அவர் கைகளைப் பார். எதிரிக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் விரல்களால் சைகை காட்டுவார்: நான் குறுக்கே பாய்வேன், அல்லது இங்கேயே நிற்பேன். பின்னால் இருப்பவர் அதைப் படித்து அதற்கேற்ப சர்வீஸ் போடுவார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மொழி. சில சமயம் நெட்டில் இருப்பவர் கோர்ட்டின் நடுவிலேயே, ஏறக்குறைய மண்டியிட்டு, சர்வீஸ் பறக்கும் பாதைக்குக் கீழே குனிந்திருப்பார். எந்தப் பக்கம் எழுவார் என்று எதிரிக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் மாணவி பந்தை மறந்துவிட்டாள். பிறகு கேட்டாள்:

"மிஸ், பாயிண்ட் போனாலும் கையைத் தட்டிக்கொள்கிறார்களே, ஏன்?"

"அடுத்த சர்வீஸுக்கு இருப்பது 25 நொடி. அதற்குள் எங்கே போடுவது, யார் எங்கே நகர்வது என்று முடிவெடுத்தாக வேண்டும். போனதைப் பற்றிப் பேசினால் அந்த 25 நொடியும் போய்விடும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பயிற்சியில் தன் ஜோடியோடு அவள் போடும் சண்டைகள் எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

இன்னொரு விதியும் இரட்டையரை விறுவிறுப்பாக்குகிறது. இந்தச் சுற்றுப் போட்டிகளில் ஒரு கேம் 40-40 என்று சமமானால், ஒற்றையரைப் போல இரண்டு புள்ளி முன்னிலை வரும்வரை இழுக்க மாட்டார்கள். ஒரே புள்ளி, அதில் கேம் முடிந்துவிடும். எந்தப் பக்கத்தில் சர்வீஸை வாங்குவது என்று வாங்கும் ஜோடியே தேர்ந்தெடுக்கும். ஒருவர் தலையாட்டுவார், மற்றவர் ஒதுங்கி நிற்பார். தேர்வு தெரிந்ததும் நான் எப்போதும் ஒதுங்கி நிற்பவரைத்தான் பார்ப்பேன். இந்த ஒரு பந்து உன்னுடையது என்று தன் ஜோடியிடம் மனதார ஒப்படைக்கிறாரா இல்லையா என்பது அவர் தோள்களில் தெரிந்துவிடும். செட்கள் 1-1 என்றால் மூன்றாவது செட்டும் கிடையாது. பத்துப் புள்ளி டைபிரேக்கர். இவ்வளவு குறுகிய ஆட்டத்தில் ஒரு நல்ல ஜோடியும் ஐந்து நிமிட மயக்கத்தில் வீட்டுக்குப் போய்விடலாம்.

டப்ரோவ்ஸ்கியும் ஸ்டெஃபானியும் போகவில்லை. இறுதிப் போட்டியில் அன்னா பிளிங்கோவா, நட்டேலா ஜலாமிட்ஸே ஜோடியை 6-1, 6-2 என்று முடித்தார்கள். ஸ்கோரைப் பார்த்தால் ஒருதலைப்பட்சம். எனக்கு அப்படித் தெரியவில்லை. பந்து நடுவுக்கு வந்தபோதெல்லாம் டப்ரோவ்ஸ்கி தன் இடத்தில் நின்றார், ஸ்டெஃபானி போனார். நான் கேட்டு வந்த கேள்விக்கு அது போதும். ஓர் ஆண்டாகப் போட்டியே ஆடாத ஒருவர், திரும்பி வந்த முதல் வாரத்திலேயே, முன்பு சேர்ந்து வென்ற தோழியுடன் கோப்பையைத் தூக்கினார். அதை என் ஊரில், என் கண்ணால் பார்த்தேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

தோற்ற ஜோடியையும் சும்மா கடந்துவிட எனக்கு மனமில்லை. ஜலாமிட்ஸே மாஸ்கோவில் பிறந்தவர். உக்ரைன் போரால் 2022 விம்பிள்டனில் ரஷ்ய ஆட்டக்காரர்களுக்குத் தடை விதித்தபோது ஜார்ஜியாவின் பிரதிநிதியாக மாறி அங்கே ஆடியவர். பிளிங்கோவா பெயருக்குப் பக்கத்தில் கொடியே இல்லை, அந்த ஆண்டு ரஷ்யர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆடினார்கள். ஒரு நெட்டின் ஒரே பக்கத்தில் ஒருவர் ஜார்ஜியக் கொடியோடு, இன்னொருவர் கொடியில்லாமல். பிளிங்கோவாவுக்கு இந்தியாவோடு இன்னொரு கணக்கும் உண்டு. 2021 பிப்ரவரியில் மெல்போர்னில் நடந்த ஃபிலிப் ஐலண்ட் டிராபி, அதுவும் 250 தரநிலைதான். அதன் இரட்டையர் இறுதியில் பிளிங்கோவா, பொட்டபோவா ஜோடியை வென்றது நம் அங்கிதா ரெய்னாவும் ரஷ்யாவின் கமிலா ரகிமோவாவும். 2-6, 6-4, 10-7. அங்கிதாவுக்கு அதுதான் முதல் டபிள்யூ.டி.ஏ. பட்டம். இரட்டையர் தரவரிசையில் முதல் நூறுக்குள் அவரை அந்த ஒரு வாரம் கொண்டுபோய் வைத்தது.

இதை நான் பெற்றோர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். "மிஸ், டபுள்ஸில் எதற்கு நேரத்தை வீணாக்க வேண்டும்? ரேங்கிங் எல்லாம் சிங்கிள்ஸில்தானே?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சர்வதேச ஜூனியர் தரவரிசையில் இரட்டையர் புள்ளிகளில் நான்கில் ஒரு பங்குதான் கணக்கில் சேரும். குழந்தைகள் தனியாக வளர அந்தக் கணக்கே காரணம். ஆனால் பெரியவர்கள் ஆட்டத்துக்குப் போனதும் நிலைமை தலைகீழ். சானியா மிர்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றையரில் அவர் தொட்ட உச்சம் 27ஆம் இடம்; எந்த இந்தியப் பெண்ணும் அதற்கு மேல் போனதில்லை. இரட்டையரில் 91 வாரங்கள் உலகின் முதலிடம். ஆறு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களும் இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலும் வந்தவை. காயங்கள் ஒற்றையரை நிறுத்தச் சொன்னபோது அவருக்கு ஒரு முழு வாழ்க்கையைத் தந்தது இந்த 36 அடிக் கோர்ட். 2022 செப்டம்பரில் அவர் முழங்கைக் காயத்தோடு ஓய்வில் இருந்தார், சென்னைக்கு வர முடியவில்லை. அந்த மைதானத்தில் அவர் ஆடியிருந்தால் கேலரி நிரம்பியிருக்கும்.

கேலரி நிரம்பவில்லை என்பதுதான் என் வருத்தம். ஒற்றையர் முதல் சுற்றில் நம் கர்மான் கவுர் தண்டி பிரான்ஸின் குளோயி பாக்கெட்டை வென்றபோது எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒற்றையர் ஆட்டம் முடிந்து இரட்டையர் தொடங்கும்போது அந்தச் சத்தத்தைப் போட்டவர்கள் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்துகொண்டே, "இனிமேல் டபுள்ஸ்தானம்மா" என்றார். நான் அவரிடம், "ஐயா, அந்தக் கனடாப் பெண் நம் ரோஹன் போபண்ணாவோடு பிரெஞ்சு ஓபன் ஜெயித்தவர்" என்றேன். உட்கார்ந்துவிட்டார். 2017இல், இரண்டு மேட்ச் பாயிண்ட்களைக் காப்பாற்றி, 12-10 என்ற கடைசி டைபிரேக்கரில் வந்த கலப்பு இரட்டையர் பட்டம் அது. போபண்ணாவுக்கு முதல் கிராண்ட்ஸ்லாம், டப்ரோவ்ஸ்கிக்கும் முதல். கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்ற முதல் கனடியப் பெண்ணும் அவரே. அன்று அந்தப் பெரியவர் கடைசிப் பந்து வரைக்கும் இருந்தார்.

சென்னைக்குப் பிறகு இருவரும் மறுபடி வேறு வேறு பாதை. அடுத்த மாதமே ஸ்டெஃபானி ஆஸ்திரேலியாவின் ஸ்டோர்ம் சாண்டர்ஸுடன் குவாதலஹாராவில் 1000 தரநிலைப் பட்டம் வென்றார். 2023 ஜனவரியில் சக பிரேசில்காரர் ரஃபேல் மாட்டோஸுடன் ஆஸ்திரேலிய ஓபன் கலப்பு இரட்டையர் பட்டம். டப்ரோவ்ஸ்கி நியூசிலாந்தின் எரின் ரூட்லிஃபோடு 2023இலும் 2025இலும் யு.எஸ். ஓபன் வென்றார். இடையே 2024 ஏப்ரலில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. வெளியுலகுக்குச் சொல்லாமல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அந்தக் கோடையில் விம்பிள்டன் இறுதி வரை போய், பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் வெண்கலம் வாங்கி, ஆண்டு இறுதி டபிள்யூ.டி.ஏ. பட்டத்தையும் வென்ற பிறகே, டிசம்பர் 31 அன்று வெளியே சொன்னார். செய்தியைப் படித்த அன்று அக்காவுக்குப் போன் செய்தேன். நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த மைதானத்தைப் பற்றியும் ஒன்று. ஆண்களின் சென்னை ஓபன் 1997 முதல் 2017 வரை அங்கேதான் நடந்தது, பிறகு புனேவுக்குப் போய்விட்டது. 2022இல் மகளிர் போட்டி வந்தபோது இது நிலைக்கும் என்று நம்பினோம். 2023 இல்லை, 2024 இல்லை. 2025 அக்டோபர் இறுதியில் மறுபடி நடத்தினார்கள், இந்தோனேசியாவின் ஜானிஸ் ட்ஜென் ஒற்றையர் பட்டம் வென்றார். வந்ததற்கு நன்றி. ஆண்டுதோறும் வர வேண்டும் என்பது என் ஆசை.

நடத்துபவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். மைய கோர்ட்டில் மாலை முதல் ஆட்டமாக ஒரு மகளிர் இரட்டையர் ஆட்டத்தை வையுங்கள். ஒற்றையர் முடிந்த பிறகு, இரவு, ஊர் வீட்டுக்குப் போகும் நேரத்தில் அல்ல. அந்த ஒரு ஆட்டத்துக்குப் பள்ளிச் சிறுமிகளை இலவசமாக உள்ளே விடுங்கள். நெட் ஓரமாகக் கையின் சைகை தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பஸ் நிறையக் கூட்டி வருவது என் பொறுப்பு. பக்கத்துப் பள்ளி ஆசிரியைகளிடமும் இப்போதே பேசி வைத்திருக்கிறேன்.